பத்தாண்டு விசா பத்தாண்டு வீடாகாது

(தாராவியில் நடந்த நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற உறுப்பினர்களும் அவர்தம் குடும்பத்தாரும் கேட்டுக்கொண்டபடி ஆற்றிய உரை இங்கே தரப்படுகிறது.)



தொண்ணூறடிச் சாலையை விட்டு மித்தி ஆற்றுப் பக்கம் போய் நின்று பாருங்கள். எதிரே கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. அதுதான் பாந்த்ரா-குர்லா வளாகம். முன்பு பிரீச் கேண்டியில் இருந்த அமெரிக்கத் துணைத் தூதரகம் 2011-இல் அங்கே வந்துவிட்டது. காலையில் அந்த வாசலில் நிற்கும் வரிசையில் நம்மவர்களும் இருக்கிறார்கள். மாதுங்காவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற குமாஸ்தா, செம்பூரிலிருந்து வந்த ஆசிரியை, நம் சாலிலிருந்தே நடந்துபோன தோல்பதனிடும் தொழிலாளி. கையில் ஒரு ஃபைல்; நெஞ்சில் ஒரு படபடப்பு.

இவர்களில் பலர் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு தகரப்பெட்டியோடு தாதரில் இறங்கியவர்கள். அன்று திருநெல்வேலியிலிருந்து பம்பாய்க்கு வர நம்மிடம் யாரும் விசா கேட்கவில்லை. ஆனால் வந்து சேர்ந்த பிறகு காகிதம் கேட்டார்கள். 1960-களின் பிற்பகுதியில் 'மதராசி' வெளியேற வேண்டும் என்ற கூச்சல் எழுந்தது. 1976 தொடக்கத்தில் குடிசைகளைக் கணக்கெடுத்துப் போட்டோ பாஸ் கொடுத்தார்கள். அதே ஆண்டில் ஜனதா காலனி மக்கள் பெயர்த்தெடுக்கப்பட்டுச் சீத்தா கேம்ப்பில் கொண்டுபோய் விடப்பட்டார்கள். ஒரு சிறு அட்டை கையில் இருப்பவனுக்கு இடம், இல்லாதவனுக்குத் தெரு என்ற பாடத்தை நாம் படித்தது புத்தகத்தில் அல்ல.

அந்தப் பாடத்தை மறந்துவிட்டு இன்று நாம் விமானம் ஏறக்கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பேச்சு. பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறான், பெண் கனடாவில் இருக்கிறாள், "வந்து எங்களோடு இருங்கள்" என்கிறார்கள். மகிழ்ச்சி. போக வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எந்தக் காகிதத்தில் போகிறோம், அது எத்தனை நாளைக்கு, நோய் வந்தால் செலவு யாருடையது, நாம் இல்லாதபோது இங்கே நம் இடத்தைக் காப்பவர் யார் என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகு பெட்டியைக் கட்டுங்கள் என்றுதான் சொல்கிறோம்.

அமெரிக்கா: விசா வேறு, தங்கும் நாள் வேறு

பெற்றோருக்கு வழக்கமாகக் கிடைப்பது பி-2 என்னும் வருகையாளர் விசா. பெரும்பாலும் பத்தாண்டுக்குக் குத்திக் கொடுக்கிறார்கள். இங்கேதான் நம்மவர்கள் ஏமாந்து போகிறார்கள். நம் பகுதிப் பெரியவர் ஒருவர், மாநகராட்சி வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், மகன் வீட்டுக்குப் போனார். பாஸ்போர்ட்டில் பத்தாண்டு என்றிருக்கிறதே, என்ன அவசரம் என்று இருந்துவிட்டார். கெடு முடிய ஐந்தே நாள் இருக்கும்போது மருமகள் கணினியைப் பார்த்துப் பதறினாள். இரட்டிப்பு விலையில் டிக்கெட் வாங்கி ஓடிவந்தார்கள். அவர் தப்பித்தார், எல்லோரும் அப்படித் தப்பிப்பதில்லை.

பத்தாண்டு என்பது கதவைத் தட்டும் உரிமை. உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதை ஒவ்வொரு முறையும் விமான நிலையத்தில் உள்ள அதிகாரி முடிவு செய்கிறார். வழக்கமாக ஆறு மாதம். அந்தத் தேதி ஐ-94 என்ற பதிவில் இருக்கும்; இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். போய் இறங்கிய அன்றே அதைப் பார்த்து, அடுப்படிக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போடுங்கள். உடல்நலக் குறைவு போன்ற நியாயமான காரணம் இருந்தால், கெடு முடியும் முன்பே ஐ-539 என்ற விண்ணப்பம் கொடுத்து நீட்டிப்புக் கேட்கலாம். கேட்காமல் தங்கினால் அந்தப் பத்தாண்டு விசாவே செல்லாததாகிவிடும். 180 நாளுக்கு மேல் மீறித் தங்கிவிட்டுத் திரும்பினால் மூன்றாண்டும், ஓராண்டோ அதற்கு மேலோ மீறினால் பத்தாண்டும் மறுபடி நுழையத் தடை.

அடுத்தது கிரீன் கார்டு. பிள்ளை அந்நாட்டுக் குடியுரிமை பெற்று, 21 வயது நிறைந்தவனாக இருந்தால் பெற்றோருக்கு விண்ணப்பிக்கலாம். வேலை விசாவில் இருக்கிற பிள்ளையாலும், கிரீன் கார்டு மட்டும் வைத்திருக்கிற பிள்ளையாலும் அது முடியாது. கிடைத்தால் நல்லதுதானே என்று கேட்பீர்கள். யாருக்கு நல்லது என்பதை யோசியுங்கள். கிரீன் கார்டு என்பது அங்கேயே வாழப் போகிறவர்களுக்கான காகிதம். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்துவிட்டுப் போனால் கேள்வி கேட்பார்கள். முன்அனுமதி இல்லாமல் ஓராண்டுக்கு மேல் வெளியே இருந்தால் அது கைநழுவும். பாதி வருடம் தாராவி, பாதி வருடம் நியூஜெர்சி என்று வாழ விரும்புகிறவருக்கு அது காலில் கட்டிய கயிறு. அங்கே போய்ச் சேரும் முதியவர், மெடிகேர் என்னும் அரசு மருத்துவக் காப்பீட்டைக் காசு கொடுத்து வாங்குவதற்கே ஐந்தாண்டு தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். அதுவரை தனியார் காப்பீடு. அந்தச் சுமை பிள்ளையின் தலையில்.

கனடா: நீண்ட நாள் தங்க நினைப்பவர்க்கு

நீண்ட நாள் தங்குவதற்கென்றே கனடா அரசு 2011 டிசம்பரில் 'சூப்பர் விசா' என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. ஒருமுறை உள்ளே போனால் முன்பு இரண்டாண்டு தங்கலாம். 2022 ஜூலை முதல் ஐந்தாண்டு வரை தங்கலாம். விசாவின் ஆயுள் பத்தாண்டு வரை போகும். சாதாரண வருகையாளர் விசாவில் வழக்கமாக ஆறு மாதந்தான் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆனால் நிபந்தனைகள் உண்டு. அழைக்கிற பிள்ளை அல்லது பேரப்பிள்ளை கனடாவில் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ பெற்றிருக்க வேண்டும். படிக்கப் போன பிள்ளையும், தற்காலிக வேலைக்குப் போன பிள்ளையும் இதில் அழைக்க முடியாது. குடும்பத்தில் எத்தனை பேர், போகிற பெற்றோரையும் சேர்த்து, என்று எண்ணி அதற்கேற்ற குறைந்தபட்ச வருமானத்தைக் காட்ட வேண்டும். பெற்றோர் மருத்துவப் பரிசோதனைக்குப் போக வேண்டும். குறைந்தது ஓராண்டுக்கு, ஒரு லட்சம் கனடா டாலருக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். சர்க்கரை, இரத்தக்கொதிப்பு, இதய நோய் உள்ளவர்க்குக் காப்பீட்டுக் கட்டணம் ஏறும். பழைய நோயை மறைத்துக் காப்பீடு எடுத்தால், மருத்துவமனைச் சீட்டு வரும் நாளில் காப்பீட்டுக்காரர் கையை விரிப்பார். மலிவுக்கு ஆசைப்பட்டு அங்கே மட்டும் பொய் சொல்லாதீர்கள்.

இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும்

இங்கிலாந்தில் இரண்டு, ஐந்து, பத்தாண்டு என வருகையாளர் விசா உண்டு. எதை வாங்கினாலும் ஒரு வருகைக்கு ஆறு மாதந்தான். சொந்தப் பணம் உள்ள ஓய்வுபெற்றோர் போய்த் தங்க முன்பு ஒரு தனி வழி இருந்தது. 2008-இல் அதை மூடிவிட்டார்கள். முதிய பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ளும் வழியையும் 2012 ஜூலையில் ஊசிமுனை அளவாக்கிவிட்டார்கள். குளிக்கவும் உடுக்கவும் உண்ணவும் பிறர் உதவி வேண்டிய நிலையில் இருக்க வேண்டும். அந்த உதவி, பிள்ளை பணம் அனுப்பினாலும் சொந்த நாட்டில் கிடைக்காது என்றும் நிரூபிக்க வேண்டும். தாய் படுக்கையில் விழுந்த பிறகுதான் மகன் அழைக்கலாம். அப்போதும் அனுமதி நிச்சயமில்லை. இதுதான் நாகரிக நாட்டின் சட்டம்!

ஆஸ்திரேலியாவில் 2019 முதல் பெற்றோருக்கென ஒரு தற்காலிக விசா இருக்கிறது; 870 என்பது அதன் எண். மூன்றாண்டு அல்லது ஐந்தாண்டு, மொத்தத்தில் பத்தாண்டு வரை. முதலில் பிள்ளையை அரசு ஏற்க வேண்டும். பிறகே பெற்றோர் விண்ணப்பம். வேலை செய்யக்கூடாது. காப்பீடு அவரவர் பொறுப்பு. மூன்றாண்டு விசாவுக்கே கட்டணம் ஐயாயிரம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல், அதுவும் தலைக்கு. தாய் தந்தை இருவரும் போனால் இரட்டிப்பு. ஆறு மாதமே தங்குவதானால் சாதாரண வருகையாளர் விசா போதும்.

வளைகுடாவும் பணக்காரர் விசாவும்

நம் வீடுகளில் அதிகம் பேர் போயிருப்பது வளைகுடா நாடுகளுக்குத்தான். அங்கே வேலைதான் விசா. வேலை முடிந்தால் விசாவும் முடிந்தது. முப்பதாண்டு பாலைவனத்தில் வெந்து கட்டடம் எழுப்பியவனுக்கும், அறுபது வயதில் அங்கே ஓய்வெடுக்க உரிமை கிடையாது. பெற்றோரைக் கூடவே வைத்துக்கொள்ள நல்ல சம்பளமும் தனி வீடும் காட்ட வேண்டும். தொழிலாளர் முகாமில் கட்டில் போட்டுப் படுப்பவனுக்கு அது எட்டாது. சிங்கப்பூரிலும் இதே கதைதான். எம்ப்ளாய்மென்ட் பாஸில் உள்ள மகன் பெற்றோருக்கு நீண்டகால அனுமதி கேட்க வேண்டுமானால், அவன் மாதச் சம்பளம் 12,000 சிங்கப்பூர் டாலராவது இருக்க வேண்டும்.

'ஓய்வுக்கால விசா' என்று செய்தித்தாளில் பக்கம் பக்கமாக விளம்பரம் வருகிறதே, அது என்ன என்று பலர் கேட்கிறீர்கள். துபாயில் 55 வயது ஆனவர்க்கு ஐந்தாண்டு விசா உண்டு. ஆனால் பத்து லட்சம் திர்ஹம் சேமிப்போ சொத்தோ, அல்லது பெரிய மாத வருமானமோ காட்ட வேண்டும். மலேசியாவில் 'இரண்டாவது வீடு' திட்டம் 2002 முதல் இருக்கிறது. 2024-இல் மாற்றிய விதிப்படி அதன் வெள்ளித் தரத்துக்கே ஒன்றரை லட்சம் அமெரிக்க டாலர் வைப்புத்தொகை கட்டி, அங்கே வீடும் வாங்க வேண்டும். தாய்லாந்தில் 50 வயது ஆனவர் எட்டு லட்சம் பாத் வங்கியில் வைத்தால் ஓராண்டு தங்கலாம்.

இதை நம் கணக்கோடு ஒட்டிப் பாருங்கள் தோழர்களே! தொழிலாளர் சேமநல நிதியின் 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014-இல் ஆயிரம் ரூபாய் என்று வைத்தார்கள். வாழ்நாளெல்லாம் உழைத்தவனுக்கு மாதம் ஆயிரம் ரூபாய்! அவனைப் பார்த்து ஒன்றரை லட்சம் டாலர் கட்டு என்றால் அது விசா அல்ல, கேலி. ஆகவே ஓய்வுக்கால விசா விளம்பரங்களை நாம் ஒதுக்கிவிடலாம். நமக்குள்ள வழி பிள்ளைகள் வழியாகப் போகும் வழி ஒன்றுதான்.

பாட்டியா, சம்பளமில்லா ஆயாவா?

இனிச் சொல்வது சிலருக்குக் கசக்கும். ஆனால் இங்கே வந்திருக்கிற தாய்மார்கள் பலர் தனியாக வந்து சொன்னதைத்தான் சொல்கிறோம்.

பிள்ளைப்பேற்றுக்குத் துணையாகப் போகிறோம். பேரக்குழந்தையை மடியில் வாங்குவதைவிடப் பெரிய செல்வம் உண்டா? ஆனால் ஆறு மாதம் அம்மா, அடுத்த ஆறு மாதம் மாமியார், மறுபடி அம்மா என்று முறைவைத்து வரவழைத்தால், எல்லையில் உள்ள அதிகாரிக்குச் சந்தேகம் வருகிறது. வருகையாளர் விசாவில் வேலை செய்யக்கூடாது என்பது எல்லா நாட்டிலும் விதி. இங்கிலாந்தில், குறுகிய காலம் வந்து பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளை பராமரிப்புப் பணியாளாக அது மாறிவிடக்கூடாது என்று விதியே சொல்கிறது. கேட்கும் கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். பொய் சொல்லி அது பிடிபட்டால் அமெரிக்கா போன்ற நாட்டில் நிரந்தரத் தடையே விழலாம்.

சட்டம் கிடக்கட்டும், மானத்தையும் பார்க்க வேண்டும். எழுபது வயதில் பனி கொட்டும் ஊரில், பகலெல்லாம் பூட்டிய வீட்டில், பேச்சுத் துணையின்றி, இரண்டு குழந்தைகளோடு ஒரு தாய் இருக்கிறாள். கால் வலித்தால் சொல்லத் தயங்குகிறாள். டாக்டரிடம் போனால் மகனுக்குச் செலவாகுமே என்று அஞ்சுகிறாள். பிள்ளைகளே, இதைப் படித்தால் நாங்கள் சொல்வதைக் கேளுங்கள். அழைக்கும்போது டிக்கெட்டோடு காப்பீட்டையும் சேர்த்து வாங்குங்கள். திரும்பும் தேதியை அவர்கள் விருப்பப்படி வையுங்கள். கையில் கொஞ்சம் பணத்தைக் கொடுத்து வையுங்கள். மகனிடம் கேட்டு வாங்கும் நிலை ஒரு தாய்க்கு எவ்வளவு பெரிய தண்டனை என்பது கொடுப்பவர்க்குத் தெரியாது.

போகும் முன் இங்கே செய்ய வேண்டியவை

இப்போது நான்காவது கேள்விக்கு வருகிறோம். நம் இடத்தைக் காப்பவர் யார்?

தாராவியில் மறுகட்டுமானம் நடக்கிறது. 2024 மார்ச்சில் வீடுவீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியது. தரைத்தளத்தில் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து இருப்பவர்க்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம் என்கிறார்கள். அதன்பின் 2011 ஜனவரி 1 வரை வந்தவர்க்கு தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு. மாடியில் இருப்பவர்க்கு, 2022 நவம்பர் 15-க்கு முன்பிருந்தவரானால், வெளியே வாடகை முறையில் வீடு. ஆக, இன்று ஒரு தேதியும் ஒரு மின்கட்டணச் சீட்டும் ஒரு குடும்பம் தாராவியில் இருப்பதா, வெளியே போவதா என்று முடிவு செய்கின்றன. அந்த நேரத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆறு மாதம் வெளிநாடு போவது எப்பேர்ப்பட்ட ஆபத்து!

ஆகவே, ஒன்று: வீடு சம்பந்தப்பட்ட காகிதங்களை, போட்டோ பாஸ், மின்கட்டணச் சீட்டு, வாக்காளர் பட்டியல் நகல், ரேஷன் அட்டை, வரிச் சீட்டு எல்லாவற்றையும், மூன்று படி எடுங்கள். மூலம் நம்பிக்கையான ஒருவரிடம். ஒரு படி உங்கள் கையில். ஒரு படி பிள்ளையிடம். கணக்கெடுப்பில் பெற்ற எண்ணையும் சீட்டையும் அதோடு வையுங்கள்.

இரண்டு: உங்கள் சார்பில் கையெழுத்துப் போட ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்துவிட்டுப் போங்கள். 'இந்த வீட்டுக் கணக்கெடுப்புக்கும் மறுகுடியமர்த்தலுக்கும் மட்டும்' என்று எழுதி, வக்கீலைக் கலந்து, முறைப்படி செய்யுங்கள். விற்கவும் அடகு வைக்கவும் உரிமை தரும் பொது அதிகாரப் பத்திரம் வேண்டாம். வெற்று முத்திரைத் தாளில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள், கேட்பவர் உடன்பிறந்தவராக இருந்தாலும்.

மூன்று: ஓய்வூதியம் வாங்குவோர் ஆண்டுதோறும் உயிர்வாழ்வுச் சான்று கொடுக்க வேண்டும். அரசு ஓய்வூதியருக்கு நவம்பர் மாதம். சேமநல நிதி ஓய்வூதியருக்குக் கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும். கைப்பேசியில் முகம் காட்டி அனுப்பும் வழி வந்திருக்கிறது. புறப்படும் முன் ஒருமுறை செய்து பழகிக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இந்தியத் தூதரக அதிகாரியிடமும் சான்று பெறலாம். வங்கியில் பதிந்த கைப்பேசி எண் அங்கேயும் வேலை செய்ய வேண்டும்; இல்லையேல் ரகசிய எண் வராது, பணமும் எடுக்க முடியாது.

நான்கு: எழுபது வயது நிறைந்தோர்க்கு 2024 அக்டோபரில் வந்த ஐந்து லட்ச ரூபாய் மருத்துவ அட்டையை எடுத்து வையுங்கள். அது நம் நாட்டு மருத்துவமனைகளில்தான் செல்லும். ஆனால் நோயோடு திரும்பி வரும் நாளில் அதுதான் கைகொடுக்கும்.

ஐந்து: ஏஜெண்டுகளிடம் எச்சரிக்கை. "எனக்கு உள்ளே ஆள் இருக்கிறது, விசா நிச்சயம்" என்பவன் பொய்யன். விண்ணப்பத்தில் அவன் என்ன எழுதினான் என்பதைப் படித்துக் காட்டச் சொல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்; பொய் அவனுடையதானாலும் தடை உங்களுக்குத்தான். பத்தாவது படிக்காததால் பாஸ்போர்ட்டில் தடை முத்திரை விழும் என்று பயமுறுத்திப் பணம் பறிப்பவனும் இருக்கிறான். அந்தக் குடியேற்ற அனுமதி குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்க்கானது. ஐம்பது வயதைக் கடந்தவர்க்கு அது தேவையே இல்லை.

நாம் கேட்க வேண்டியது

தனித்தனியாக எச்சரிக்கையாக இருந்தால் மட்டும் போதாது. பிள்ளையைப் பார்க்கப் போன முதியவரை 'வீட்டில் இல்லாதவர்' என்று எழுதிவிட்டுக் கணக்கெடுப்பாளர் அடுத்த கதவுக்குப் போகக்கூடாது. பாஸ்போர்ட்டில் உள்ள புறப்பாட்டு முத்திரையையும் அதிகாரப் பத்திரத்தையும் ஏற்று, திரும்பி வந்ததும் சான்று காட்ட அவகாசம் தரும் முறையை எழுத்தில் தர வேண்டும் என்று நம் சங்கம் கேட்க வேண்டும். ஆயிரம் ரூபாய் ஓய்வூதியத்தை உயர்த்து என்ற கோரிக்கையையும் விடக்கூடாது. கையில் காசுள்ள தாய்தான் பிள்ளை வீட்டில் விருந்தாளியாக இருக்க முடியும். காசில்லாதவள் எங்கே போனாலும் வேலைக்காரிதான்.

தோழர்களே! ஊரை விட்டுப் பம்பாய் வந்தோம். வேர் பிடிக்க ஐம்பதாண்டு ஆயிற்று. இப்போது பிள்ளைகள் மும்பையை விட்டு உலகெங்கும் போகிறார்கள். நாமும் போய்ப் பார்ப்போம், பேரப்பிள்ளையைக் கொஞ்சுவோம், பனியையும் தொட்டுப் பார்ப்போம். ஆனால் திரும்பி வரும் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு போவோம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் காகிதங்களைக் கொண்டுவாருங்கள். ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்ப்போம். படிக்கத் தெரிந்த இளைஞர்கள் அன்று தவறாமல் வர வேண்டும்.